வரிக்கு வரி



ஆடி பிறந்துவிட்டது. துணிக்கடை வாசல்களைப் போலவே கார் ஷோரூம் வாசல்களிலும் தள்ளுபடி பேனர்கள் தொங்குகின்றன. "ஆவணி பிறக்கட்டும், வண்டி எடுத்துடலாம்" என்ற பேச்சு பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கும். அந்த வீடுகளில் உங்கள் வீடும் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்தே இந்த மாதப் பக்கத்தை எழுதுகிறேன்.

போன மாதம் திருச்சியில் என் அக்கா முதன்முதலாகக் கார் வாங்கினார். அரசுப் பள்ளியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியால் பஸ் படி ஏற முடியவில்லை. மருமகள் டிரைவிங் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டாள். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்றே எடுத்து வைத்திருந்தார். துணைக்கு என்னையும் வரச் சொன்னார்.

காந்தி மார்க்கெட்டில் அக்கா காய்கறி வாங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "கட்டுப்படியாகாதும்மா" என்று கடைக்காரர் சொன்னால் நான்கு கடை தள்ளிப் போய், அவர் கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்க மாட்டார். அதே அக்கா, ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் அப்படியே அடங்கிப்போனார். ஏசி குளிர், கையில் காபிக் கோப்பை, எதிரே டை கட்டிய பையன், நடுவில் பளபளவென்று வண்டி. "எல்லாம் சேர்த்து ஆன் ரோடு 9,78,550 வருது மேடம். உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசி பத்தாயிரம் குறைச்சுத் தர்றேன்" என்றான் பையன். அக்கா தலையை ஆட்டிவிட்டார். புக்கிங் ஃபார்மில் கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். "நாளைக்கு வர்றோம் தம்பி" என்று நான்தான் கொட்டேஷன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் கேட்டேன். "அங்க போய் கணக்குக் கேட்டா, வசதியில்லாம வந்துட்டாங்கன்னு நினைச்சுக்குவாங்களோன்னு இருந்துச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுகளுக்கு முன் என் முதல் காருக்கு நானும் இதே தயக்கத்தில்தான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இந்தத் தயக்கத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. நம் பெற்றோர் காலத்தில் கார் என்பது விலை பேசி வாங்கும் பொருளாக இருக்கவில்லை. அம்பாசடர், ஃபியட் என்று இரண்டு மூன்று வண்டிகள். பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-ன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகும் பல காலம், புக்கிங் வைத்திருப்பவரிடம் பிரீமியம் கொடுத்து வண்டியை வாங்கிச் சென்றவர்கள் உண்டு. கிடைத்ததே பெரிது என்றிருந்தால் பேரம் எங்கிருந்து வரும்? 1990-களில் கதவு திறந்தது. மறைமலை நகரிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலும் கார் ஆலைகள் வந்தன. 1998-ல் சான்ட்ரோ தெருவுக்கு வந்தது. இன்று ஒரே விலைக்குள் ஏழெட்டு வண்டிகள் நமக்காகக் காத்திருக்கின்றன. காலம் மாறிவிட்டது, அந்தக் காலத்துக் கூச்சத்தை மட்டும் நாம் இன்னும் விடவில்லை.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்து வைத்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து தன் பழைய சிவப்புப் பேனாவை எடுத்து வந்தார். விடைத்தாள் திருத்துவதுபோல மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினார்.

எக்ஸ் ஷோரூம் விலை 7,85,000. சாலை வரி 1,02,050. இன்சூரன்ஸ் 41,800. ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500. ஆக்சசரிஸ் கிட் 19,900. எக்ஸ்டெண்டட் வாரண்டி 14,200. ஃபாஸ்டேக் 600. பதிவுச் செலவு 6,500.

எட்டு வரிகள். முதல் இரண்டுக்கும் டிக் போட்டார். மூன்றாவதில் பேனா நின்றது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நான்காவதில் ஒன்று. ஐந்தாவதில் ஒன்று. "இதெல்லாம் கட்டாயமா?" என்றார்.

வாசகர்களே, விலை பேசுவது என்பது அந்த மூன்று கேள்விக்குறிகளில்தான் தொடங்குகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் இன்சூரன்ஸ். புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒன்றுதான். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை உள்ள புதுக் காருக்கு மூன்றாண்டுக்கும் சேர்த்து 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மீதித் தொகை நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டுக்கும் பம்பர் டு பம்பர் போன்ற கூடுதல் பாதுகாப்புகளுக்கும் உரியது. இந்தப் பகுதியில் நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும். ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அக்காவின் மருமகள் அன்றிரவே வேறு இரண்டு நிறுவனங்களில் விலை பார்த்தாள். அதே பாதுகாப்புகளோடு ஒன்றில் 29,300 வந்தது.

ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஐடிவி என்று பாலிசியில் ஒரு தொகை இருக்கும். வண்டி திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ நமக்குக் கிடைக்கக்கூடிய தொகை அது. அதைக் குறைத்துக் காட்டினால் பிரீமியமும் குறையும். ஆகவே இரண்டு கொட்டேஷனிலும் ஐடிவி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் பாருங்கள். அந்த அளவுக்கு ஏற்கெனவே உங்களுக்கு விபத்துக் காப்பீடு இருந்தால் இன்னொரு முறை எடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஹேண்ட்லிங் சார்ஜ். ஊருக்கு ஊர் இதன் பெயர் மாறும். லாஜிஸ்டிக்ஸ் என்பார்கள், இன்சிடென்டல் என்பார்கள். யார்டிலிருந்து வண்டியைக் கொண்டுவரும் செலவு என்று விளக்கம் சொல்வார்கள். விற்கும் பொருளைத் தன் கடைக்குக் கொண்டுவருவது கடைக்காரரின் வேலை. அரிசி வாங்கும்போது, ஆலையிலிருந்து கடைக்கு மூட்டை வந்த கூலியை யாரும் நம்மிடம் தனியாக வசூலிப்பதில்லை. "இதுக்கு அரசாங்க ரசீது வருமா தம்பி?" என்று கேட்டால் போதும். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் என்றால் ஆர்டிஓ ரசீது இருக்கும். ரசீது இல்லாத வரி எதுவும் பேரத்துக்கு உட்பட்டதுதான். நம்பர் பிளேட்டுக்கென்று தனி வரி இருந்தாலும் அதே கேள்வியைக் கேளுங்கள். 2019 ஏப்ரல் முதல் தயாராகும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை நிறுவனமே வண்டியோடு தர வேண்டும்.

மூன்றாவது ஆக்சசரிஸ் கிட். மேட், மட் ஃபிளாப், சீட் கவர், கதவோரக் கீற்று, வாசனைப் புட்டி, டெஃப்லான் கோட்டிங் என்று மொத்தமாக ஒரு மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். நமக்கு வேண்டியது அதில் இரண்டோ மூன்றோ இருக்கும். மூட்டையாக வாங்க வேண்டியதில்லை. மேட்டும் மட் ஃபிளாப்பும் வெளியிலும் கிடைக்கும்; இலவசமாகக் கேட்டாலும் பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.

மறுநாள் அக்கா அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, இந்த மூணு வரியும் எனக்குப் புரியல. சொல்லு" என்று மட்டும் கேட்டார். பையன் தாளைப் பார்த்தான், சிவப்பு மையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க கேட்டதால சொல்றேம்மா. இன்சூரன்ஸ் வெளியில எடுத்துக்கலாம். கிட் கட்டாயமில்லை. ஹேண்ட்லிங் பத்தி மேனேஜர்கிட்ட பேசிட்டு வர்றேன்" என்று கண்ணாடி அறைக்குள் போனான். அதுவரை மேடமாக இருந்த அக்கா அப்போது அவனுக்கு அம்மாவாகிவிட்டதை நான் கவனித்தேன்.

கணக்கு இப்படி முடிந்தது. இன்சூரன்ஸில் 12,500, ஹேண்ட்லிங்கில் 8,500, கிட்டில் 19,900. ஆக மொத்தம் 40,900. பத்தாயிரமாக இருந்த தள்ளுபடி, இன்னொரு ஷோரூமின் கொட்டேஷனைக் காட்டியபின் இருபதாயிரமானது. எக்ஸ்டெண்டட் வாரண்டியை அக்கா விரும்பியே வைத்துக்கொண்டார். 9,78,550 என்று தொடங்கியது 9,17,650-ல் நின்றது. மேட்டும் மட் ஃபிளாப்பும் இலவசம். பேசி வாங்கியது இருபதாயிரம். வாசித்து வாங்கியது நாற்பதாயிரத்துக்கு மேல். இந்த மாதம் உங்களிடம் நான் சொல்ல நினைத்தது இந்த ஒரு கணக்கைத்தான்.

பேசுவதற்கும் இடம் இருக்கத்தான் செய்கிறது. கம்பெனி அறிவிக்கும் சலுகைக்கு மேல் டீலர் தன் லாபத்திலிருந்தும் விட்டுக்கொடுக்க முடியும். அப்படிக் கூடுதல் தள்ளுபடி தரவிடாமல் டீலர்களைக் கட்டுப்படுத்தியதாக, 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். டீலர்களுக்கிடையே போட்டி இருந்தால்தான் வாங்குபவருக்கு விலை குறையும் என்பதே அந்த உத்தரவின் அடிப்படை. அந்தப் போட்டியை உண்டாக்குவது நம் கையில் இருக்கிறது. ஒரே வண்டி, ஒரே வேரியன்ட், ஒரே நிறத்துக்கு மூன்று டீலர்களிடம் வரி வரியாகப் பிரித்த கொட்டேஷனை வாட்ஸ்அப்பிலாவது வாங்கிவிடுங்கள். பக்கத்து ஊர் டீலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியிலும் காலாண்டு முடிவிலும் அவர்களுக்கு டார்கெட் நெருக்கும். அப்போது பேச்சு சுலபமாக நகரும். மாதக்கணக்கில் காத்திருப்பு உள்ள புது மாடலுக்கு இதெல்லாம் அவ்வளவாகச் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடியில் வண்டி எடுக்கத் தயங்குபவர்கள் ஆடியிலேயே புக் செய்து ஆவணியில் எடுக்கலாம் என்று நினைப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் டெலிவரி நாளில் என்ன விலையோ அதுவே செல்லும் என்று புக்கிங் ஃபார்மின் பின்பக்கம் சிறிய எழுத்தில் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். ஆடிச் சலுகை ஆவணி இன்வாய்ஸுக்கும் உண்டா என்பதை அந்த ஃபார்மிலேயே எழுதி, முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் எவ்வளவு நல்ல மனதோடு வந்திருந்தாலும், சொன்ன பையன் அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாறிப் போயிருக்கலாம்.

வரி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறதல்லவா, அதிலும் பணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் மாற்றத்தின்படி கார்களுக்கான சாலை வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. படியைத் தாண்டினால் முழு விலைக்கும் புது விகிதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. "இன்னும் இருபதாயிரம் போட்டா மேல் வேரியன்ட் மேடம்" என்று சொல்லும்போது, வரியில் மட்டும் 53,100 கூடுதலாகப் போகும் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ் என்றும் பிடிப்பார்கள். அது உங்கள் பெயரில் வருமான வரிக் கணக்கில் சேரும் பணம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது மறக்காமல் கழித்துக்கொள்ளுங்கள் அல்லது திரும்பப் பெறுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பையே ஷோரூமின் தள்ளுபடிபோல யாராவது காட்டினால், "அது அரசாங்கம் குறைச்சது, நீங்க எவ்வளவு குறைக்கிறீங்க?" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள்.

இனி கடன். பெரும்பாலான வீடுகளில் பணம் அதிகமாகக் கரைவது இந்த இடத்தில்தான். "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்ற கேள்வியோடு பேச்சைத் தொடங்குவார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் வண்டியின் விலை பேச்சிலிருந்தே மறைந்துவிடும். 8 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 16,600. ஏழாண்டு என்றால் சுமார் 12,870. மாதம் மூவாயிரத்து எழுநூறு குறைவு என்று மனம் குளிரும். மொத்தமாகக் கூட்டினால் ஏழாண்டுக் கடனில் ஏறத்தாழ 85,000 ரூபாய் அதிகம் கட்டுகிறோம். அக்கா இவ்வளவு மெனக்கெட்டு மிச்சப்படுத்தியதைவிட அது அதிகம். "ஐந்து சதவீதம்தான், ஃபிளாட் ரேட்" என்று யாராவது சொன்னால் அதையும் நிறுத்திக் கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஃபிளாட் ஐந்து சதவீதத்தில் வரும் தவணை 16,667. குறைந்துவரும் அசலுக்கு ஒன்பது சதவீத வட்டியில் வருவதும் ஏறத்தாழ அதுவேதான். போவதற்கு முன் உங்கள் வங்கியில் ஒரு வார்த்தை கேட்டு, வட்டி விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பழைய வண்டியைக் கொடுத்து எடுப்பவர்கள் அதைத் தனி வியாபாரமாகப் பேசுங்கள். புது வண்டியின் விலை முடிந்தபிறகே பழையதைப் பற்றி வாய் திறங்கள். வெளியே இரண்டு பேரிடம் விலை கேட்டு வைத்துக்கொண்டால், எக்ஸ்சேஞ்ச் போனஸ் உண்மையிலேயே போனஸா, அல்லது உங்கள் வண்டியின் விலையிலேயே குறைத்துவிட்டுத் திருப்பித் தருகிறார்களா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன், பகல் வெளிச்சத்தில் யார்டுக்குப் போய் உங்களுக்கென ஒதுக்கிய வண்டியைப் பாருங்கள். எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று கேளுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் அதுதான் ஏறும். நாளை விற்கும்போது விலையை முடிவு செய்வதும் அதுதான். ஜனவரியில் எடுக்கும் வண்டி போன டிசம்பரில் தயாராகியிருந்தாலும் ஏட்டில் ஒரு வயது கூடுதல்; அதற்குரிய தள்ளுபடியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வண்டி எவ்வளவு நாளாக வெயிலில் நிற்கிறது என்பதை அதுவும் ஓரளவு சொல்லிவிடும்.

இதையெல்லாம் சண்டைக்குப் போவதற்காகச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பையனும் நம் வீட்டுப் பிள்ளைபோல ஒருவன்தான். மாதச் சம்பளம் சிறியது, டார்கெட் பெரியது. இன்சூரன்ஸும் ஆக்சசரிஸும் விற்றால்தான் அவன் கைக்கு நாலு காசு வரும் என்பதால்தான் அந்த வரிகள் அங்கே ஏறுகின்றன. வண்டி விற்பதில் டீலருக்கு மிஞ்சுவது குறைவு. சர்வீஸிலும் இவற்றிலும்தான் அவர்களும் ஈடுகட்டுகிறார்கள். இதைப் புரிந்துகொண்டு மரியாதையாகக் கேட்டால் மரியாதையான பதில் வரும். அக்காவுக்கு வந்தது.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வண்டி வந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, மருமகள் ஓட்ட, அக்கா முன் சீட்டில் உட்கார்ந்தார். கிளம்புமுன் ஷோரூம் பையன் சாவியோடு இன்னொரு தாளையும் நீட்டினான். இறுதிக் கணக்கு. அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பையனே அதில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ரசீது எண்ணை எழுதி வைத்திருந்தான். "நீங்க கேப்பீங்கன்னு தெரியும்மா" என்றான்.

உங்களில் யாராவது இந்த மாதம் வண்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடுமுன் ஒரு இரவு அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். வீட்டில் நன்றாகக் கணக்குப் பார்ப்பவர் யாரோ, அவர் கையில் கொடுங்கள். உங்களுக்குப் புரியாமல் நின்ற வரி எது, கேட்டதும் என்ன பதில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள். அடுத்த இதழ்களில் அவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம். இன்னொரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது உதவும்.

புது வண்டியில் போகும் எல்லோரும் சீட் பெல்ட் போட்டு, நிதானமாகப் போய், நல்லபடியாக வீடு திரும்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்